ரொமான்ஸ் வாசிக்க ஆரம்பித்தால் முடிக்கத் தெரியவில்லை. மனப்பாடம் செய்வது எப்படி?

ஆறுதந்தி

வணக்கம். ஈரோட்டில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 38. கிளாசிக்கல் கிடார் கற்றுக்கொள்ள ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. வாரத்தில் ஒரு நாள் ஆசிரியரோடு வீடியோவில் வகுப்பு. மற்ற நாட்களில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் 40 நிமிடம். அதற்கு மேல் எனக்கு நேரம் கிடையாது, இனிமேல் கிடைக்கப் போவதும் இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

போன மாதம் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். சாயங்காலம் சொந்தக்காரர்கள் மட்டும் இருந்த நேரத்தில் "ஒண்ணு வாசியேன்" என்றார்கள். ரொமான்ஸ் வாசித்தேன். யார் எழுதியது என்று உறுதியாகத் தெரியாத அந்த ஸ்பானிய மெட்டு, முதல் தந்தியிலேயே முழுக்கப் போகுமே, அதுதான். நாலு மாதம் உட்கார்ந்து பழகியது. வீட்டில் நூறு தடவையாவது வாசித்திருப்பேன். அன்றைக்கு முதல் பகுதியின் கடைசி வரிக்கு வந்ததும் விரல் தானாகவே மறுபடி ஏறி 12-ஆம் ஃபிரெட்டுக்கு (கிடார் கழுத்தில் விரல் வைக்கும் கட்டு) போய்விட்டது. சரி, அடுத்த சுற்றில் பிடித்துவிடலாம் என்று தொடர்ந்தேன். அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே ஏற்றம். மூன்றாவது சுற்றும் அப்படியே. வெளியே வர வழி தெரியாமல் ஒரு ஈ மைனர் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) மெதுவாக இழுத்து நிறுத்திவிட்டேன். பெரியப்பா "அருமையா இருந்துச்சுப்பா" என்றார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு மட்டும் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கேட்க நினைப்பது மூன்று விஷயம். நடுவில் எங்காவது நின்றுவிட்டால் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க முடிகிறது. எந்த இடத்திலிருந்தும் தொடங்குகிற மாதிரி மனப்பாடம் செய்ய என்ன வழி? இரண்டாவது, ஒரு பக்கம் படிக்க எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. எல்லோருக்கும் இப்படித்தானா? மூன்றாவது, புதிது வந்தால் பழையது போய்விடுகிறது. ஃபெர்னாண்டோ சோரின் பி மைனர் பயிற்சியை (ஓபஸ், அதாவது படைப்பு வரிசை 35, எண் 22) எடுத்ததிலிருந்து தாரேகா எழுதிய லாக்ரிமா என்ற பாடம் பாதி மறந்துவிட்டது. லாக்ரிமாவைப் பழக எனக்கு ஒரு கோடைகாலம் முழுக்கப் போனது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை

தம்பி, உங்களுக்கு ரொமான்ஸில் நடந்தது என்ன என்று பார் (தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்) எண்ணோடு சொல்லவா? நான் மதுரையில் 22 வருஷமாக வீட்டில் வைத்துக் கிடார் சொல்லித்தருகிறேன். அந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

கிடாரை எடுத்து மெட்டை மட்டும் முதல் தந்தியில் வாசியுங்கள். நான் சொல்வது ஃபிரெட் எண்கள், 0 என்றால் விரல் வைக்காத திறந்த தந்தி. இரண்டாம் பார்: 7, 5, 3. மூன்றாம் பார்: 3, 2, 0. இப்போது கீழே வாருங்கள். பதினொன்றாம் பார்: 7, 5, 3. பன்னிரண்டாம் பார்: 3, 2, 0. அச்சு மாறாமல் ஒன்றே. மூன்றாம் பாருக்குப் பிறகு 0, 3, 7 என்று ஏறி 12-க்குப் போக வேண்டும். பன்னிரண்டாம் பாருக்குப் பிறகு 2, 2, 2 என்று பி-செவன் கார்டுக்குப் போய் முடிய வேண்டும். ஒரே மாதிரி இரண்டு கூட்டுரோடு. உங்கள் விரல் இரண்டாவது கூட்டுரோட்டை முதலாவது என்று நினைத்துத் திரும்பிவிட்டது. திரும்பினால் சுற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை.

விரலைக் குறை சொல்லிப் பயன் இல்லை. விரலுக்கு "அடுத்து என்ன" என்பது மட்டும்தான் தெரியும், "இப்போது எங்கே இருக்கிறேன்" என்பது தெரியாது. நூறு தடவை வாசித்து அந்த "அடுத்து என்ன" என்பதை நீங்கள் பலப்படுத்தியிருக்கிறீர்கள். ஒரே 3, 2, 0-வுக்கு இரண்டு "அடுத்து" இருந்தால் அது எதை எடுக்கும்? அதிகம் பழகியதை எடுக்கும். தடுமாறியபோதெல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள் அல்லவா, அதனால் அதிகம் பழகியது முதல் வரிதான்.

இதற்கு நான் சொல்லித்தருகிற வழி இது. பத்தாம் பாரில் பாரே போட்டு (ஒரே விரலைத் தந்திகளின் குறுக்கே படுக்க வைத்து அழுத்தி) 7-ஐப் பிடித்துக்கொண்டு சுண்டுவிரலை நீட்டி 11-ஐத் தொடுகிறோமே, கை வலிக்கிற அந்த இடம், அதுவே உங்கள் அடையாளக்கல். சுண்டுவிரல் 11-ஐத் தொட்டாயிற்று என்றால் இனி ஏற்றம் கிடையாது. அந்த நீட்டலின்போதே மனசுக்குள் "முடிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் இரண்டு கூட்டுரோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழகுங்கள். 2, 3, 4-ஆம் பார்கள், உடனே 11, 12, 13-ஆம் பார்கள். மறுபடி இது, மறுபடி அது. ஒரு நாளைக்குப் பத்து முறை, நாலு நாள் செய்தால் போதும்.

எந்தப் புதுப் பாடம் எடுத்தாலும் நான் முதலில் பிள்ளைகளிடம் கேட்பது இதைத்தான்: "இதில் எங்கெல்லாம் ஒரே மாதிரி வந்து வேறு பக்கம் போகிறது?" பென்சிலால் அந்த இடங்களை வட்டம் போடச் சொல்வேன். மனப்பாடம் அறுந்துபோவது பெரும்பாலும் அந்த வட்டங்களில்தான். கஷ்டமான இடத்தில் நாம் கவனமாக இருப்போம். நழுவுவது சுலபமான இடத்தில்.

அடுத்தது, எங்கிருந்தும் தொடங்குவது. ரொமான்ஸின் முதல் பகுதி 16 பார். கார்டை மட்டும் பாருங்கள். முதல் 6 பார் ஈ மைனர். அப்புறம் 2 பார் ஏ மைனர், 2 பார் பி, 2 பார் ஈ மைனர், 2 பார் பி-செவன், 2 பார் ஈ மைனர். அவ்வளவுதான், மொத்தமே ஆறு பெட்டி. ஒரு பாரில் 9 சுரம் என்று கணக்குப் போட்டால் 16 பாருக்கு 144. அத்தனையையும் தனித்தனியாகத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கிறீர்கள். அதை ஆறு பெட்டியில் போடுங்கள். "நாலாவது பெட்டியிலிருந்து வாசி" என்றால் வாசிக்க முடிய வேண்டும். என் வகுப்பில் தீப்பெட்டியில் எண் எழுதிய சீட்டு வைத்திருக்கிறேன். ஒன்றை எடுப்பார்கள், அந்தப் பெட்டியிலிருந்து வாசிப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, ஆனால் அதுதான் முழு வேலையும்.

லாக்ரிமாவுக்கு வருகிறேன், அது என் மனசுக்கு மிகவும் நெருக்கமானது. முதல் பாரில் மெட்டு முதல் தந்தியில் 4, 5, 7 என்று ஏறுகிறது. அதோடு நான்காம் தந்தியில் பேஸ், அதாவது கீழ்க்குரல், 2, 4, 6 என்று ஏறுகிறது. நடுவே இரண்டாம் தந்தி திறந்தபடி ஒலிக்கிறது. இரண்டு விரலுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கவனியுங்கள்: முதலில் இரண்டு ஃபிரெட், அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. ஏன் இந்த மாற்றம்? ஈ-யை ஷட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள். கீழே ச, மேலே க. கீழே ரி, மேலே ம. கீழே க, மேலே ப. சங்கராபரணத்தின் படிகளில் ஜோடியாக ஏறுகிறார் தாரேகா, மேல் சுரத்தை ஒரு ஸ்தாயி தள்ளி வைத்து. ச-வுக்கும் க-வுக்கும் நடுவே தூரம் அதிகம், ரி-ம, க-ப இரண்டிலும் அரைச் சுரம் குறைவு. அதனால்தான் விரல் நெருங்குகிறது. இதைப் புரிந்துகொண்டவருக்கு அந்தப் பார் மறக்கவே மறக்காது. நாளைக்குக் கிடாரையே மறந்தாலும் ச-க, ரி-ம, க-ப மறக்காது.

நான் சின்ன வயதில் ஐந்து வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவள். சரளி வரிசையும் அலங்காரமும் தாளம் போட்டு வாயால் பாடித்தான் ஏறியது, எந்த வாத்தியமும் கையில் இல்லை. கிடாருக்கு வந்த பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன், வெறும் விரலை நம்பினேன். 24 வயதில் ஒரு கிரேடு தேர்வில் கர்காசியின் ஓபஸ் 60-இல் மூன்றாம் பயிற்சியைத் தாள் இல்லாமல் வாசிக்கப் போனேன். நடுவில் நின்றது. முதலிலிருந்து ஆரம்பித்தேன், அதே இடத்தில் நின்றது. மறுபடியும் ஆரம்பித்தேன், மறுபடியும் அங்கேயே. வீட்டுக்கு வந்து தாளை விரித்து அந்தப் பாரைப் பார்த்தேன். ஆறு மாதம் வாசித்த பாடம், அந்த இடத்தில் வருவது என்ன கார்ட் என்று ஒருவர் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த இரவிலிருந்து பாடாமல் எதையும் வாசிப்பதில்லை.

உங்கள் 40 நிமிடத்தைப் பற்றி. அது போதும், உண்மையாகவே போதும். ஆனால் தினமும் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டுவதை நிறுத்துங்கள். அப்படி ஓட்டினால் முதல் வரி தேய்ந்து வழவழப்பாகிவிடும், கடைசி வரி புதுச்செருப்பாகவே இருக்கும். புதுப் பாடத்தைக் கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். கடைசி இரண்டு பார் முதலில், நாளைக்கு அதற்கு முந்தைய இரண்டு. வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவீர்கள், பயம் குறையும்.

அந்த இரண்டு பாரையும் எப்படி எடுப்பது? கிடாரைத் தொடாமல் மூன்று நிமிடம் தாளைப் பாருங்கள். எந்த விரல், எந்தத் தந்தி, எந்தக் கார்ட், மெட்டு எது, பேஸ் எது, எல்லாம். மெட்டைப் பாடுங்கள். தாளைத் திருப்பிப் போடுங்கள். கண்ணை மூடி ஒருமுறை மனசிலேயே வாசியுங்கள். அதற்குப் பிறகுதான் கிடார். தவறினால் தடவித் தடவித் தேடாதீர்கள், உடனே தாளைப் பாருங்கள். தேடும்போது கை தொடுகிற தப்பான சுரமும் ஒரு பாடமாகப் பதிந்துவிடும். தப்பை மறக்கடிப்பது புதிதாகக் கற்பதைவிட நாலு மடங்கு வேலை.

ஃபிங்கரிங்கை, அதாவது எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்பதை, முதல் வாரத்திலேயே முடிவு செய்து பென்சிலால் எழுதிவிடுங்கள், வலது கைக்கும் சேர்த்து. பாதியில் மாற்றுவது, கட்டிய சுவரை இடித்துக் கதவு வைக்கிற மாதிரி.

பழைய பாடம் மறப்பதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். ஆரம்பத்தில் மறதி வேகமாக இருக்கிறது, போகப் போக மெதுவாகிறது. அதனால் மறுபார்வையும் ஆரம்பத்தில் அடிக்கடி வேண்டும், அப்புறம் தள்ளிப் போகலாம். ஒரு பாடம் முடிந்தால் மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் என்று தேதி எழுதி வையுங்கள். அந்தத் தேதியில் கிடாரை எடுத்ததும் முதல் வேலையாக, விரல் சூடாகும் முன்பே, அதை ஒரே ஒரு தடவை வாசியுங்கள். முதல் தடவை வருவதுதான் உங்களுக்குத் தெரிந்தது. ஐந்தாவது தடவை சரியாக வந்தது என்பதை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

லாக்ரிமா உங்களைவிட்டுப் போகவில்லை தம்பி. இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடும், கோடைகாலம் முழுக்க வேண்டாம்.

இரவுப்பணி

அக்கா சொன்னதில் "கண்ணை மூடி வாசிப்பது" பற்றி என் அனுபவம். நான் சிங்கப்பூரில் மருத்துவமனையில் தாதி. ஒரு அறையில் நாலு பேர் தங்கியிருக்கிறோம். இரவுப்பணி முடிந்து நான் வரும் நேரத்தில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், கிடாரைத் தொட முடியாது. வாரத்தில் மூன்று நாள்தான் உண்மையான வாசிப்பு. மீதி நாள் ரயிலில், தலைக்குள்.

பியானோ கலைஞர் வால்டர் கீஸெகிங் தாளை மட்டும் பார்த்து, கருவியே இல்லாமல் பாடங்களை மனதில் ஏற்றிக்கொள்வார் என்று படித்தேன். அவர் பெரிய மேதை, எனக்கெல்லாம் வராது என்று நினைத்தேன். தாரேகாவின் அதெலீட்டாவின் முதல் நாலு பாரை மட்டும் வைத்து முயற்சி செய்தேன். கண்ணை மூடினால் என் இடது கை மேலிருந்து பார்ப்பது போலத் தெரிய வேண்டும். எந்த விரல் எந்தத் தந்தியை விட்டு எழுகிறது என்று வரிசையாகத் தெரிய வேண்டும். முதல் நாள் இரண்டாம் பாரிலேயே படம் மங்கிவிட்டது. வேகமாக ஓட்டினால் மெட்டு மட்டும் காதில் ஓடுகிறது, கை தெரியவில்லை. நிறுத்தி, ஆமை வேகத்தில் மறுபடி. மங்குகிற இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொள்வேன். லீவு நாளில் கிடாரை எடுத்து அந்த இடத்தை மட்டும் பார்ப்பேன்.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. கிடாரோடு வாசிக்கும்போது தடையில்லாமல் போன இடங்களில் பாதி தலைக்குள் மங்கலாக இருந்தது. அந்த இடங்கள் எனக்குத் தெரியும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் செய்கிறேன். வெற்று நோட்டேஷன் தாளில் நினைவிலிருந்து எழுதுவது. ஒரு நாளைக்கு ஒரு வரிதான். சோம்பலாக இருக்கும், ஆனால் எழுதிய வரி பிறகு மேடையில் அசைவதே இல்லை. போன தீபாவளிக்கு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஐம்பது பேருக்கு முன்னால் வாசித்தேன். நடுவில் ஒரு குழந்தை ஓடிவந்து கிடாரின் தலையைப் பிடித்து இழுத்தது. நிறுத்தி, சிரித்துவிட்டு, அதே பாரிலிருந்து தொடர்ந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னால் அது முடிந்திருக்காது.

தாள்நோக்கி

நண்பரே, கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்கச் சொல்கிறேன். மனப்பாடம் எதற்கு? நான் நாகர்கோவில் பக்கம், தேவாலய இசைக்குழுவில் 15 வருஷமாகத் தாள் பார்த்துத்தான் வாசிக்கிறேன். தாள் இல்லாமல் வாசித்தால்தான் கலைஞன் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளாரா ஷூமன், ஃபிரான்ஸ் லிஸ்ட் போன்ற பியானோ கலைஞர்களால் மேடைக்கு வந்த வழக்கம். அதற்கு முன்னால் அது விதியாக இருக்கவில்லை.

உங்களுக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு மாதம் ஆகிறது என்றால் காரணம் ஞாபகசக்தி இல்லை, படிக்கும் வேகம். சுரம் சுரமாக எழுத்துக்கூட்டிப் படிப்பதால், ஒரு பாரை அடைவதற்குள் அது மனப்பாடமே ஆகிவிடுகிறது. அப்புறம் தாளைப் பார்ப்பதில்லை. அதனால் படிக்கும் வேகம் கூடுவதே இல்லை. நாலு வருஷமாக இந்தச் சுற்றில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சோரின் ஓபஸ் 60-ஐ எடுங்கள். ஆரம்ப மாணவர்களுக்காகவே எழுதிய 25 சின்னப் பயிற்சிகள். தினமும் பத்து நிமிடம், ஒன்றை மெதுவாக, நிற்காமல், தப்பு வந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வாசியுங்கள். மறுநாள் வேறொன்று. எதையும் மனப்பாடம் செய்யக் கூடாது. ஆறு மாதம் கழித்துப் புதுப் பாடம் எடுக்கும்போது வித்தியாசம் தெரியும்.

வைகைக்கரை

தாள்நோக்கி ஐயா சொல்வதில் படிப்பு பற்றிய பகுதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். தம்பி, அந்தப் பத்து நிமிடத்தை உங்கள் 40-இல் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மாணவர்களுக்கும் இதைச் சொல்லத் தவறியிருக்கிறேன், இந்த வாரத்திலிருந்து சொல்கிறேன்.

ஆனால் மனப்பாடம் எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் வேறு. கிடாரில் இடது கை 2-ஆம் ஃபிரெட்டிலிருந்து 9-ஆம் ஃபிரெட்டுக்குத் தாவும்போது கண் அங்கே இருக்க வேண்டும். தாளில் இருந்தால் தாவல் தப்பும், கையில் இருந்தால் தாளில் இடம் தப்பும். குழுவில் கார்டும் எளிய வரிகளும் வாசிக்கும்போது இது பெரிய விஷயமில்லை. லாக்ரிமா மாதிரி கழுத்து முழுக்க நடமாடுகிற பாடத்தில் பெரிய விஷயம். அதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. தாளை மூடிய பிறகுதான் நான் வாசிப்பது என் காதில் விழுகிறது. எந்தச் சுரம் நீள வேண்டும், எது கரைய வேண்டும் என்று கேட்க முடிகிறது. அந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

ஆறுதந்தி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

ரொமான்ஸ் முடிகிறது! சுண்டுவிரல் 11-ஐத் தொடும்போது "முடிக்கப் போகிறேன்" என்று உதட்டை அசைத்தே சொல்கிறேன். ஒன்பது நாளாக ஒரு தடவைகூடச் சுழலில் மாட்டவில்லை. தீப்பெட்டிச் சீட்டை மகள் எடுத்துக் கொடுக்கிறாள். அவளுக்கு ஆறு வயது. "அஞ்சு!" என்று கத்துவாள். முதல் நாள் ஐந்தாவது பெட்டியிலிருந்து ஆரம்பிக்கவே தெரியவில்லை, நாலிலிருந்து ஓடிவந்து ஏற வேண்டியிருந்தது. இப்போது வருகிறது.

லாக்ரிமாவின் ஈ மேஜர் பகுதி ஐந்து நாளில் திரும்பியது. ச-க, ரி-ம, க-ப என்று பாடிக்கொண்டே வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது அக்கா. நாலு வருஷமாக வெறும் 4, 5, 7 என்று நினைத்திருந்தேன்.

மில்லுக்குப் போகும் பஸ்ஸில் தலைக்குள் வாசித்துப் பார்த்தேன். இரவுப்பணி சொன்னது அப்படியே உண்மை. நன்றாகத் தெரியும் என்று நினைத்த லாக்ரிமாவின் ஈ மைனர் பகுதியில் மூன்று இடம் வெள்ளையாக இருக்கிறது.

ஒரே ஒரு தடை. சோரின் பி மைனர். வலது கை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கிட்டத்தட்ட ஒரே அசைவு. கூட்டுரோடு எது என்று வட்டம் போடப் போனால் பக்கம் முழுக்க வட்டமாகிறது. எல்லாப் பாரும் ஒன்று போலவே தெரிகிறது. இதை எப்படிப் பெட்டியில் போடுவது?

வைகைக்கரை

தம்பி, படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

சோருக்கு ஆர்பெஜியோவை (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) மறந்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு வலது கை அந்த அசைவைச் செய்யவே கூடாது. ஒவ்வொரு பாரையும் ஒரே கார்டாக, எல்லாச் சுரத்தையும் சேர்த்து ஒரே இழுப்பாக வாசியுங்கள். முதல் பார், 2-ஆம் ஃபிரெட்டில் பாரே, பி மைனர், ஒரு இழுப்பு. அடுத்த பார், ஒரு இழுப்பு. சில பாரில் நடுவில் கார்ட் மாறும், அங்கே இரண்டு இழுப்பு. முழுப் பயிற்சியும் ஒரு கீர்த்தனைக்குச் சுருதி பிடிக்கிற மாதிரி மெதுவாக நகரும். அப்போது எந்தக் கார்ட் எதை நோக்கிச் சாய்கிறது என்பது காதுக்குத் தெரியும். எங்கே பி மைனரை விட்டு டி மேஜரின் வெளிச்சத்துக்கு வருகிறது, எங்கே திரும்புகிறது என்று தாளில் எழுதுங்கள். அந்த இடங்களே உங்கள் பெட்டிகளின் விளிம்பு.

அது வந்த பிறகு, மேல் மெட்டை மட்டும் தனியாக எடுத்து, ஏ விரலால் (வலது கை மோதிர விரல்) வாசித்துக்கொண்டே பாடுங்கள். மெதுவாக நடக்கிற ஒரு மெட்டு அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஸ்பானியக் கிடார் கலைஞர் செகோவியா 1945-இல் தொகுத்த 20 சோர் பயிற்சிகளில் இது ஐந்தாவது. அந்தப் பதிப்பு உங்களிடம் இருந்தால் ஃபிங்கரிங் உதவும். ஆனால் உங்கள் கைக்கு ஒத்துவராத இடத்தில் மாற்றிப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

கார்டும் மெட்டும் கைவந்த பிறகு ஆர்பெஜியோவைச் சேருங்கள். கடைசி நாலு பாரிலிருந்து தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எத்தனை பெட்டி வந்தது என்று எழுதுங்கள். என் கணக்கில் பத்துக்குள் வர வேண்டும், சரிபார்த்துச் சொல்கிறேன்.